காலடியில் வரும் காற்று

இரண்டு குளிர்காலங்களாக என் மனத்தை விட்டு அகலாத ஒரு சொல் உண்டு. "கால்ல காத்து அடிக்குதுப்பா" என்று என் அம்மா சொன்னதுதான் அது. முதல் குளிர்காலத்தில் அதை அவர் எத்தனை முறை சொன்னார் என்பது நினைவில்லை. ஒவ்வொரு முறையும் நான் சொன்ன பதில் மட்டும் நன்றாக நினைவிருக்கிறது. கூடத்துச் சுவரில் மாட்டியிருந்த வெப்பமானியைக் காட்டி, "இருபது டிகிரி இருக்கும்மா, குளிர் எல்லாம் இல்லை" என்பேன். அவர் மறுபேச்சின்றிப் போர்வையின் நுனியை இழுத்துக் கணுக்கால்களைச் சுற்றி மூடிக்கொள்வார். வயதானவர்களுக்குக் குளிர் சற்றுக் கூடுதலாகத் தெரியும் என்று எனக்கு நானே ஒரு விளக்கம் சொல்லிக்கொண்டேன். அந்த விளக்கத்தில் பாதி உண்மை இருந்ததால், மீதிப் பாதியைத் தேட வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை.

நாங்கள் குடியிருப்பது பழைய வாடகை வீடு. ஒற்றைக் கண்ணாடிச் சன்னல்கள், காலப்போக்கில் சுருங்கிப்போன மரக்கதவுகள், கூரைக்குக் கீழே ஆள் தவழ்ந்து செல்லும் அளவுக்கு ஒரு பரண். வீடு குளிர்ந்தால் ஹீட்டர் வாங்க வேண்டும், மேலும் குளிர்ந்தால் இன்னும் பெரிய ஹீட்டர் வாங்க வேண்டும் என்பதற்கு மேல் அன்றைக்கு எனக்கு எதுவும் தெரியாது. அப்படித்தான் 2,000 வாட் ஹீட்டர் ஒன்றை வாங்கினேன். மாலையில் ஐந்து மணி நேரம் இடைவிடாமல் எரிந்தால் ஒரு நாளைக்கு 10 யூனிட், மாதத்துக்கு 300 யூனிட். கணக்கு தெரிந்துதான் வாங்கினேன். ஆனால் அந்த 300 யூனிட் வெப்பமும் வீட்டுக்குள்ளேயே தங்கும் என்று நம்பினேன். எண்ணெய் நிரப்பிய ஹீட்டர் மின்சாரத்தை மிச்சப்படுத்தும் என்று விற்றவர் சொன்னதையும் நம்பினேன். உண்மையில், மின்கம்பிச் சுருளைச் சூடாக்கி வெப்பம் தரும் எந்த ஹீட்டரும், விசிறி உள்ளதோ எண்ணெய் உள்ளதோ, ஒரு யூனிட் மின்சாரத்திலிருந்து ஒரே அளவு வெப்பத்தைத்தான் தரும். எண்ணெய் ஹீட்டர் மெல்லச் சூடாகி மெல்ல ஆறும், அவ்வளவே. வெளிக்காற்றிலிருந்து வெப்பத்தை எடுத்து உள்ளே தள்ளும் ஹீட் பம்ப் மட்டும் அதே மின்சாரத்தில் இரண்டு, மூன்று மடங்கு வெப்பத்தைத் தரக்கூடியது. ஆனால் அது வீட்டு உரிமையாளர் முடிவெடுத்துப் பொருத்த வேண்டிய பெருஞ்செலவு.

கட்டணச் சீட்டு வந்தபோது, அந்த மாதத்துக்கென்று ஒதுக்கியிருந்த வேறு இரண்டு செலவுகளைத் தள்ளிப்போட வேண்டியிருந்தது. அம்மா போர்வையின் நுனியை இழுத்துக்கொண்டேதான் இருந்தார்.

தரையில் கன்னம் வைத்த இரவு

ஓர் இரவு அம்மாவின் மாத்திரை ஒன்று கை தவறி உருண்டு அவருடைய நாற்காலிக்கு அடியில் போய்விட்டது. கைவிளக்கை எடுத்துக்கொண்டு நான் தரையில் படுத்து, கன்னத்தைத் தரையோடு வைத்துத் தேடினேன். மாத்திரை கண்ணில் படுவதற்கு முன் காற்று என் முகத்தில் பட்டது. எங்கோ ஒரு கதவைத் திறந்துவைத்ததுபோல, விட்டுவிட்டு அல்லாமல், ஒரே சீராகக் குளிர்காற்று தரையை ஒட்டி வந்துகொண்டிருந்தது. மாத்திரையை எடுத்துக் கொடுத்துவிட்டு, சுவரிலிருந்த வெப்பமானியைக் கழற்றி அவருடைய கால்களுக்குப் பக்கத்தில் தரையில் வைத்தேன். இருபது நிமிடம் கழித்துப் பார்த்தால் 13 டிகிரி. என் தலை உயரத்தில் இருபது, அம்மாவின் கால் உயரத்தில் பதின்மூன்று. ஒரே அறையில், ஒரே நேரத்தில், நாங்கள் இருவரும் இரண்டு வெவ்வேறு பருவங்களில் இருந்திருக்கிறோம். அவர் தம் உடம்பின் முதுமையைப் பற்றிச் சொல்லவில்லை, அறையைப் பற்றிய தகவலைத்தான் மாதக்கணக்கில் சொல்லிக்கொண்டிருந்தார் என்பது அப்போதுதான் உறைத்தது. அன்று இரவு எனக்குச் சரியாகத் தூக்கம் வரவில்லை.

மறுநாள் மாலை வாடைக்காற்று வலுத்திருந்த நேரம். அடுப்பும் கணப்பும் எரியாதபோது, சமையலறையின் எக்ஸாஸ்ட் விசிறியை ஓடவிட்டு, கையில் ஓர் ஊதுவத்தியைக் கொளுத்திக்கொண்டு வீடு முழுவதையும் சுற்றினேன். விசிறி உள்காற்றை வெளியே தள்ளுவதால், சுவரில் எங்கெல்லாம் இடுக்கு இருக்கிறதோ அங்கெல்லாம் வெளிக்காற்று வேகமாக உள்ளே நுழையும். கூடத்தின் நடுவே புகை நூல் பிடித்ததுபோல நேராக எழுந்தது. வாசற்கதவின் அடியில் கொண்டுபோனதும் அந்த நூல் அப்படியே மடங்கித் தரையோடு படுத்தது. கதவுக்கும் வாசற்படிக்கும் இடையில் ஒரு சென்டிமீட்டர் இடைவெளி. கதவின் அகலம் 90 சென்டிமீட்டர். பெருக்கிப் பார்த்தால் 90 சதுர சென்டிமீட்டர். சுவரில் உள்ளங்கை அளவுக்கு ஓர் ஓட்டை. சுவரில் அப்படி ஓர் ஓட்டை இருந்திருந்தால் குடிபுகுந்த அன்றே அடைத்திருப்பேன். கதவுக்கு அடியில் நீளமாகவும் மெல்லியதாகவும் கிடந்ததால் ஓட்டை என்றே எனக்குத் தோன்றவில்லை. சுவரும் தரையும் சேரும் மூலையில், வெளிச்சுவரிலிருந்த ஒரு பிளக் பாயின்ட்டில், சன்னல் சட்டத்தின் கீழ்விளிம்பில் என்று புகை ஏழு இடங்களில் வளைந்தது.

எட்டாவது இடம் பரணுக்குச் செல்லும் சதுரப் பலகைக் கதவு. விசிறியை நிறுத்திவிட்டு, ஏணியில் ஏறி ஊதுவத்தியைப் பிடித்தபோது புகை என் பக்கம் வளையவில்லை. பலகையின் இடுக்கு வழியே மேலே உறிஞ்சப்பட்டது. எல்லாம் அப்போது ஒன்றாகப் பொருந்தியது. சூடான காற்று எடை குறைந்து மேலே ஏறுகிறது. மேலேயுள்ள இடுக்குகள் வழியாக வெளியேறுகிறது. அது விட்டுச்சென்ற இடத்தை நிரப்பக் கீழேயுள்ள இடுக்குகள் வழியாகக் குளிர்காற்று நுழைகிறது. வீடே ஒரு புகைபோக்கியாக வேலை செய்கிறது. ஹீட்டரை எவ்வளவு கூட்டுகிறேனோ, அவ்வளவு வேகமாக மேலே காற்று ஏறி, அவ்வளவு வேகமாகக் கீழே குளிர் நுழைந்திருக்கிறது. ஓட்டைப் பானையில் நீர் ஊற்றுவதற்கு இதைவிடப் பொருத்தமான ஓர் உதாரணத்தை நான் கண்டதில்லை. வேகமாக ஊற்ற ஊற்ற, வேகமாக ஒழுகியது.

கைக்காசு எங்கே போக வேண்டும்

இரண்டாவது குளிர்காலத்துக்கு முன்பு, ஹீட்டருக்குச் செலவிட்டதைவிட மிகக் குறைந்த தொகையை ஒதுக்கி, அதற்குள் எல்லாவற்றையும் முடிப்பதென்று உட்கார்ந்தேன். வாசற்கதவின் அடியில் திருகாணியால் பொருத்தும் ரப்பர் பட்டை. கதவு, சன்னல் சட்டங்களின் ஓரங்களுக்கு ஒட்டும் ஃபோம் பட்டை. தரை மூலையின் இடுக்கை அடைக்கச் சீலன்ட் பசை ஒரு குழாய். பரண் கதவின் மேற்புறம் பழைய ஃபோம் மெத்தைத் துண்டு ஒன்றை வெட்டி ஒட்டி, ஓரத்துக்குப் பட்டை. ஃபோம் பட்டையை ஒட்டும் முன் சட்டத்தைச் சோப்புநீரால் துடைத்து நன்றாகக் காயவிட வேண்டும். அவசரத்தில் தூசியின் மேல் ஒட்டிய பட்டை பத்து நாளில் உரிந்து தொங்கியது. குளிர் ஏறிய பிறகு ஒட்டினாலும் பசை பிடிக்காது என்பதால், இந்த வேலையை வெயில் இருக்கும்போதே முடித்துவிடுவது நல்லது.

அடுத்தது சன்னல். ஒற்றைக் கண்ணாடியின் ஒவ்வொரு சதுர மீட்டர் வழியாகவும், உள்ளுக்கும் வெளிக்கும் உள்ள வெப்ப வேறுபாட்டின் ஒவ்வொரு டிகிரிக்கும், ஐந்து வாட்டுக்குச் சற்று மேல் வெப்பம் வெளியேறும். எங்கள் கூடத்துச் சன்னல் ஒன்றரைச் சதுர மீட்டர். வெளியே பூச்சியமும் உள்ளே இருபதும் இருக்கும் இரவில், அந்த ஒரு சன்னலே 150 வாட்டுக்கு மேல் வெளியே அனுப்பிக்கொண்டிருந்தது. சட்டத்தின் உட்புறம் ஒளி ஊடுருவும் மெல்லிய பிளாஸ்டிக் தாளை இருபக்கம் ஒட்டும் நாடாவால் இழுத்து ஒட்டி, தலைமுடி உலர்த்தியின் சூட்டைக் காட்டினால் அது சுருங்கிக் கண்ணாடிபோல் விறைத்துக்கொள்ளும். தாளுக்கும் கண்ணாடிக்கும் இடையில் சிறைப்படும் ஒன்றிரண்டு சென்டிமீட்டர் காற்றுதான் காப்பு. இழப்பில் ஏறத்தாழ பாதியை அது தடுத்துவிடும். திரைச்சீலையும் உதவும், ஆனால் அது அடியில் சன்னல் திண்டையோ தரையையோ தொட வேண்டும். அந்தரத்தில் தொங்கும் திரைக்குப் பின்னால் குளிர்ந்த காற்று கனத்துக் கீழிறங்கி, அடிவழியாக அறைக்குள் வழிந்துகொண்டே இருக்கும்.

ஆளைச் சூடாக்குவதா, அறையைச் சூடாக்குவதா என்பதிலும் என் எண்ணம் மாறியது. ஏறத்தாழ 100 வாட் மின்போர்வை எட்டு மணி நேரம் முழுவேகத்தில் எரிந்தாலும் ஒரு யூனிட்டுக்குள் அடங்கும். என் ஹீட்டர் அதை அரை மணி நேரத்தில் விழுங்கிவிடும். அம்மாவின் நாற்காலியை வெளிச்சுவரிலிருந்து உட்சுவருக்கு மாற்றினோம், காலடியில் கனமான ஒரு விரிப்பும் கால் தூக்கி வைக்க ஒரு சிறு முக்காலியும் போட்டோம். இவற்றில் விரிப்புக்கு மட்டும்தான் பணம் செலவானது. ஆனால் இந்தச் சிக்கனத்துக்கு ஓர் எல்லை உண்டு. அதை நான் அழுத்தமாகச் சொல்ல விரும்புகிறேன். குளிர் பகுதிகளில் வீட்டுக்குள் குறைந்தது 18 டிகிரி இருக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2018-இல் வெளியிட்ட வழிகாட்டுதல் கூறுகிறது. முதியவர்களுக்கும் குழந்தைகளுக்கும் நோயாளிகளுக்கும் அதைவிடக் கூடுதலாகவே தேவைப்படலாம். குளிரில் இரத்தக் குழாய்கள் சுருங்கி இரத்த அழுத்தம் ஏறும். கம்பளி போர்த்திக்கொண்டாலும் மூச்சில் போவது குளிர்காற்றுதான். ஆகவே அம்மா இருக்கும் அறையில் ஹீட்டரை அணைத்துக் காசு மிச்சம் பிடிப்பது என்ற பேச்சுக்கே இடமில்லை என்று முடிவு செய்தோம். பயன்படாத அறைகளின் கதவை மூடி, சேர்ந்து உட்காரும் ஓர் அறையைச் சரியாகச் சூடாக்குவது, வீடு முழுவதையும் அரைகுறையாகச் சூடாக்குவதைவிட எங்களுக்கு ஒத்துவந்தது.

தண்ணீர்க் குழாய்களைப் பற்றி ஒரு சொல். நீர் உறையும்போது ஏறத்தாழ 9 விழுக்காடு பெருக்கும். மூடிய குழாய்க்குள் அந்த அழுத்தத்துக்கு உலோகமும் தாங்காது. வெளிச்சுவரை ஒட்டி ஓடும் குழாய்களுக்கு ஃபோம் உறை போட்டு, தோட்டத்துக் குழாயின் வால்வை மூடி மிச்சநீரை வடியவிட்டேன். வீட்டின் முதன்மை வால்வு எங்கே இருக்கிறது, எந்தப் பக்கம் திருகினால் மூடும் என்பதை வீட்டிலுள்ள எல்லோருக்கும் ஒரு முறை காட்டி வைத்தேன்.

அடைக்கக் கூடாத ஓட்டை

அடைக்க ஆரம்பித்தவனுக்கு எல்லாமே ஓட்டையாகத் தெரியும். சமையலறையில் எரிவாயுவால் இயங்கும் வெந்நீர்ச் சாதனத்துக்கு எதிரே, சுவரில் கம்பிவலை போட்ட ஒரு சதுரத் துளை இருந்தது. ஊதுவத்திப் புகை மிக வேகமாக வளைந்த இடம் அதுதான். ஃபோம் துண்டை அளவாக வெட்டிக் கையில் வைத்துக்கொண்டு அதன் முன் நின்றேன். சாதனத்தைச் சரிபார்க்க அன்று வந்திருந்த பணியாளர் என் கையைப் பார்த்துவிட்டு, "சார், வீட்டுல எதை வேணும்னாலும் அடைங்க, இதை மட்டும் அடைச்சிடாதீங்க" என்றார். அவர் ஒரு நாள் தாமதமாக வந்திருந்தால் அதை அடைத்திருப்பேன். இதை எழுதும்போதும் எனக்கு உள்ளூர ஒரு நடுக்கம் இருக்கிறது.

எரிபொருள் எதுவானாலும் எரிவதற்குக் காற்று வேண்டும். காற்று போதாமல் அரைகுறையாக எரியும்போது கார்பன் மோனாக்சைடு உண்டாகும். அதற்கு நிறமில்லை, மணமில்லை. இரத்தத்திலுள்ள ஹீமோகுளோபினோடு அது ஆக்சிஜனைவிட இருநூறு மடங்குக்கும் மேலான பற்றுடன் ஒட்டிக்கொள்கிறது. தலைவலி, தலைச்சுற்றல், குமட்டல் என்று சாதாரணக் காய்ச்சலைப்போலத் தொடங்கும். உறக்கத்தில் இருப்பவர் அதையும் உணராமலே போய்விடக்கூடும். ஹீட்டர் வாங்கக் காசில்லாதவர்கள் கரியை ஒரு சட்டியில் மூட்டி, கதவைச் சாத்திக்கொண்டு படுத்து, காலையில் எழுந்திருக்காமல் போன செய்தி ஒவ்வொரு குளிர்காலத்திலும் எங்கிருந்தாவது வருகிறது. சிக்கனம் உயிரைக் கேட்கும் இடம் அது. கரி அடுப்பையோ ஜெனரேட்டரையோ எந்தக் காரணத்துக்காகவும் வீட்டுக்குள் எரிக்கக் கூடாது. என் சிறிய பட்டியலில் அதுவரை இல்லாத கார்பன் மோனாக்சைடு அலாரத்தை அன்றே சேர்த்தேன். இரண்டு சன்னல்களுக்கான பிளாஸ்டிக் தாளை அடுத்த மாதத்துக்குத் தள்ளிவிட்டு அதை முதலில் வாங்கினோம்.

இடுக்குகளை அடைத்ததால் வந்த இன்னொரு பாடம் இத்தனை கொடியதன்று, ஆனால் நீண்ட நாள் படுத்தியது. ஆறாவது வாரத்தில் அம்மாவின் கம்பளிச் சால்வையில் மக்கிய வாடை வந்தது. வெளிச்சுவரை ஒட்டி நின்ற அலமாரியை நகர்த்தினால், பின்சுவர் முழுவதும் மிளகைத் தூவியதுபோலக் கரும்பூஞ்சை. முன்பு ஒழுகிய வீடு குளிரை உள்ளே விட்டது, ஈரத்தையும் வெளியே விட்டது. இப்போது இரண்டுமே நின்றுவிட்டன. இருபது டிகிரிக் காற்று ஒரு கன மீட்டருக்குப் பதினேழு கிராம் நீராவிவரை தாங்கும். பூச்சிய டிகிரிக் காற்று ஐந்து கிராமைத்தான் தாங்கும். இருபது டிகிரியில் ஈரப்பதம் 60 விழுக்காடாக உள்ள காற்று, 12 டிகிரிக்குக் கீழே குளிர்ந்த ஒரு பரப்பைத் தொட்டால் அங்கே நீர் கோக்கும். அலமாரியின் பின்னால் சூடு எட்டாத சுவர் அப்படித்தான் வியர்த்திருக்கிறது.

இவ்வளவு ஈரம் எங்கிருந்து வருகிறது என்று தெரிந்துகொள்ள, துவைத்துப் பிழிந்த துணிகளைக் கூடையோடு எடை போட்டுவிட்டு அறையில் உலர்த்தினேன். காய்ந்தபின் மீண்டும் எடை போட்டால் ஒன்றேமுக்கால் கிலோ குறைந்திருந்தது. அத்தனை நீரும் நாங்கள் மூச்சு விடும் காற்றில் கலந்திருக்கிறது. அன்றிலிருந்து துணிகளைக் குளியலறையில் தொங்கவிட்டு, கதவைச் சாத்தி விசிறியை ஓடவிடுகிறோம். கொதிக்கும் பாத்திரங்களை மூடி வைக்கிறோம். அலமாரியைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி நிறுத்தியிருக்கிறோம். காலையும் மாலையும் எதிரெதிர்ச் சன்னல்களை ஐந்து நிமிடம் அகலத் திறக்கிறோம். திறப்பதற்காகவே ஒவ்வொரு பக்கத்திலும் ஒரு சன்னலில் தாள் ஒட்டாமல் விட்டிருக்கிறோம்.

சூடான காற்றை வேண்டுமென்றே வெளியே விடுவதற்கு என் மனைவி முதலில் ஒப்பவில்லை. "இவ்வளவு பாடுபட்டு அடைச்சுட்டு இப்போ நீங்களே திறக்கிறீங்களே" என்றார். காகிதத்தில் கணக்கிட்டுக் காட்டினேன். 40 கன மீட்டர் அறையின் காற்று முழுவதையும் பூச்சியத்திலிருந்து இருபது டிகிரிக்குச் சூடாக்கக் கால் யூனிட்டுக்குச் சற்று மேல் போதும். சுவரும் தரையும் மேசை நாற்காலிகளும் தேக்கிவைத்த வெப்பம் ஐந்து நிமிடத்தில் எங்கும் ஓடிவிடாது. சன்னலை நாள் முழுதும் விரலளவு திறந்து வைப்பதுதான் சுவரையும் குளிரவைத்துச் செலவையும் ஏற்றும். புதிதாக வரும் வெளிக்காற்று சூடேறியதும் வறண்டதாகிவிடுவதால், அறையின் ஈரத்தை அடுத்த சுற்றில் தன்னோடு எடுத்துச் செல்லும்.

பரண்

இந்த ஆண்டின் முதல் குளிர் இரவில் இரண்டு வெப்பமானிகளை மாட்டினேன். ஒன்று என் தலை உயரத்தில், மற்றொன்று அம்மாவின் முக்காலியின் காலில் கட்டி. மேலே 20, கீழே 18. ஹீட்டர் இப்போது மாலையில் இரண்டு மணி நேரம் எரிகிறது. பிறகு வெப்பத்தைத் தக்கவைக்கும் அளவுக்கு அவ்வப்போது தானே எரிந்து தானே அணைகிறது. இரண்டு எண்களையும் ஒரு நோட்டில் தேதியிட்டு அம்மாவே எழுதுகிறார். அவருடைய எழுத்து சற்று நடுங்கினாலும் எண்கள் தெளிவாக இருக்கின்றன.

மீதமிருப்பது பரண். அங்கே தரை முழுவதும் கனமான வெப்பக் காப்பு விரிக்க வேண்டும். மேலே போகும் வெப்பத்துக்கு உண்மையான தடை அதுதான். அது குடியிருப்பவன் செய்யும் வேலையல்ல. நோட்டின் பக்கங்களைப் படமெடுத்து, பரண் கதவருகே புகை மேலே இழுபடும் படத்தையும் சேர்த்து, வீட்டு உரிமையாளருக்கு ஒரு கடிதம் எழுதியிருக்கிறேன். ஆளை அனுப்பிப் பார்க்கச் சொல்வதாகப் பதில் வந்திருக்கிறது. ஆள் இன்னும் வரவில்லை. நேற்றிரவு அம்மா, "மத்தியான பக்கத்துச் சன்னல்ல லேசா வருதுப்பா" என்றார். மேற்குச் சன்னலைத்தான் அவர் அப்படிச் சொல்வார், மதியத்துக்குமேல் அதில்தான் வெயில் விழும். ஊதுவத்தியைக் கொளுத்திக்கொண்டு போனேன். சட்டத்தின் கீழ்மூலையில் பட்டை இரண்டு விரற்கடை உரிந்திருந்தது.